ஏழு கோட்டைகளுக்கும் ஒரே படிக்கட்டு

கேம் டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் அதிகம் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். உங்கள் கம்ப்யூட்டருக்குள் நடப்பதில் பாதி எனக்கு இன்றைக்கும் புரியாது. ஆனால் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் சாப்பாட்டு மேசையில் உங்களில் ஒருவர் கேட்ட கேள்வி மனதில் நிற்கிறது. “பெரிய சரித்திர கேம்னு சொல்றாங்க. நாடு நகரமெல்லாம் கட்டி வெச்சிருக்காங்க. போற ஊர்லல்லாம் செஞ்சதையே திருப்பிச் செய்யச் சொன்னா அத்தனை உழைப்பும் வீண்தானே சார்?” அப்போது என் வாயில் சோறு இருந்தது. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியோடு எனக்கு வெகுநாள் பழக்கம். எண்பதுகள் முடியும் சமயம், கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில் வேலையை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். பூனா, சூரத் என்று சுற்றினேன். ஒரு டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூரில் இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் பார்லரில் வேலை கிடைத்தது. காசு போட்டு ஆடும் மெஷின்கள். துடைப்பது, உடைந்த ஜாய்ஸ்டிக்கை மாற்றுவது, ஒழுங்காக ஓடுகிறதா என்று ஆடிப் பார்ப்பது என் வேலை. படுக்கையும் மெஷின்களுக்கு நடுவேதான். பகல் முழுக்க ஓடிய மெஷின் விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும். பெங்களூர்க் குளிருக்கு அது போதும்.

அங்கே ஓட்டல் சர்வர் ஒருவர் தினமும் வருவார். விமானம் ஓட்டிச் சுடும் ஒரே கேமைத்தான் ஆடுவார். அதே மலை, அதே பாலம். கிட்டத்தட்ட அதே இடத்தில் சாவார். போரடிக்கவில்லையா என்று கேட்டால் சிரிப்பார். முதலாளி, பாவம், புதிதாக ஒன்று ஆடட்டுமே என்று அந்த மெஷினுக்குள் வேறு கேமைப் போட்டார். சர்வர் வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். பிறகு அவர் வரவே இல்லை. திரும்பத் திரும்பச் செய்வது யாரையும் விரட்டாது என்று அன்று முடிவு கட்டிக்கொண்டேன். பல வருஷம் கழித்து அந்த முடிவோடுதான் திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்தேன். அது பாதிதான் சரி என்பதைக் காட்டியது பாஸ்கரின் கேம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மாடி வீடு. கீழே வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் குடும்பம், மேலே நான் டெஸ்டிங்குக்குச் சேர்ந்த கேம் கம்பெனி. நடத்தியவர் பாஸ்கர். வெளிநாட்டில் கேம் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர், சொந்த ஊரிலேயே செய்து காட்டுகிறேன் என்று வந்திருந்தார். செய்ய நினைத்ததும் சின்ன விஷயமில்லை. ஆற்காட்டு நவாப் காலம். ஏழு கோட்டைகள். ஆடுகிறவர் ஓர் ஒற்றன். குதிரையில் கோட்டைக்குக் கோட்டை போய், சுவரேறி, ரகசியம் அறிந்து, வரப்போகும் ஒரு முற்றுகையைத் தடுக்க வேண்டும். நடுவே ஏரி, சந்தை, நெல் வயல் எல்லாம் உண்டு. பெங்களூரில் ஒரு கம்பெனி பணம் போட்டது.

பாஸ்கர் கோட்டைக்கு இரண்டு பேர் என்று ஆட்களைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார். ஒரு கோட்டைக்காரர் இன்னொருவர் கோட்டையைப் பார்க்கக் கூடாது. “போட்டியா செஞ்சாதான் நல்லா வரும்” என்பது அவர் கட்சி. ஐந்தாவது கோட்டையைச் செய்தவள் நஸ்ரீன். கூட இருந்த பையன் பாதியில் போய்விட்டதால் தனியாகவே செய்தாள். தேரடித் தெருவில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. மெட்ராஸில் ஒரு ஆபீசில் வேலை பார்த்து, ஹாஸ்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போய், ஊரிலேயே இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடி வந்தவள்.

வேலை தொடங்கும் முன் பாஸ்கர் எங்கள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிச் செஞ்சிக்குக் கூட்டிப் போனார். கோட்டை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். வெயிலில் நாக்குத் தள்ள மலையேறினோம். உச்சியில் ஒரு சுவரோரம் உட்கார்ந்தபோது, கீழே எங்கேயோ ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவது பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

“புளிசோத்துல உப்பு போட்டியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு.”

“மலை மேல ஏத்தி வெச்சி உப்பு கேக்குறியா நீ?”

“அப்ப போடல.”

“உங்கம்மா செஞ்சப்ப வாய தொறந்தியா?”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது அதுதான். விளைவு, அவரவர் மூலையில் உட்கார்ந்து அவரவர் கோட்டையில் அதையே வைத்தார்கள். ஒரு கோபுரம். ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு. உச்சியில் ஒளிந்து உட்கார்ந்தால் கீழே இரண்டு காவல்காரர்கள் ரகசியம் பேசுவார்கள். ஏழு கோட்டையிலும் இதே கதை. ஒவ்வொருவரும் இது தனக்கு மட்டும் தோன்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழையும் ஆடிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனால் எனக்குக் கொடுத்த வேலை, ஒற்றனின் கால் சுவருக்குள் புகுகிறதா, குதிரை தண்ணீர் மேல் நடக்கிறதா என்று பார்ப்பது. அன்றன்றைக்கு எந்தக் கோட்டை கெட்டிருக்கிறதோ அதை ஆடுவேன். எல்லாவற்றிலும் கோபுரம் ஏறுவது மேலிடத்து உத்தரவு என்று எண்ணிக்கொண்டேன். ஓட்டல் சர்வரைப் பார்த்தவனுக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

ஏழையும் ஒன்றாகக் கோத்துப் பெங்களூருக்கு அனுப்பினோம். பணம் போட்ட கம்பெனியின் ஆள் போன் செய்தார். அவரும் தமிழர்தான். முதல் கோட்டை பிரமாதம் என்றார். இரண்டாவது நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாவதில், “திரும்பவும் கோபுரமா?” என்று கேட்டார். நான்காவதோடு நிறுத்திவிட்டாராம். நேரில் வந்து கடைசியாக ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு தொடர்வதா இழுத்து மூடுவதா என்று சொல்கிறேன் என்றார். அவர் வர மூன்று வாரம்கூட இல்லை.

பாஸ்கர் மறுநாள் என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்.

“மணி, மூணு கோட்டைய வெச்சிக்கிட்டு மிச்சத்த வெட்டிடலாம்னு பாக்கறேன்.”

“வெட்டினா அத செஞ்சவங்க?”

“வீட்டுக்குத்தான். வேற வழி?” மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ ஒருத்தன்தான் மொத்தமும் ஆடினவன். வெள்ளிக்கிழமை சொல்லு. இந்த ஒரே மாதிரி வேலை கேமைக் கெடுக்குதா இல்லியா?”

கீழே இறங்கும்போது படியில் நஸ்ரீன் நின்றிருந்தாள். நாங்கள் பேசியதையெல்லாம் காற்று கீழே கொண்டுபோயிருக்கும்.

“என்ன மணிண்ணா, கத்தி உங்க கைலயா?”

“கத்தி அவர் கைல. எங்க வெட்டணும்னு என்னைக் கேக்குறாரு.”

“அஞ்சாவதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா எங்கப்பா கடைல உக்காந்து சொம்புல பேர் வெட்டிக்கிட்டு இருப்பேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கைப்பிடிச் சுவரை மட்டும் விடவில்லை.

அவளுடைய கோட்டைதான் ஏழிலும் அழகு. அதிலும் அந்தக் கோபுரம். உள்ளே வளைந்து ஏறும் படி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஜன்னல், ஜன்னல் வழியே ஏரி. ஆனால் ஆடுகிறவருக்கு அது ஐந்தாவது கோபுரம். அங்கே வரும்போது ஜன்னலைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயம் அன்று எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாதக்கணக்கில் ஆடிய கைக்குக் கேம் போரடிக்கிறதா இல்லையா என்று தெரியாது. வெளி ஆள் வேண்டும். ஆசிரம வாசலில் ஆட்டோ ஓட்டும் ஏழுமலையைக் கூட்டி வந்து முதல் கோட்டையிலிருந்து ஆட வைத்தேன். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்தேன்.

முதல் கோட்டையில் ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் நெரித்தார். கோபுரத்தில் ஒற்றன் கால் வழுக்கியபோது இவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். இரண்டாவதில் மீசையைத் தடவிக்கொண்டார். மூன்றாவதில் பாட்டு முணுமுணுத்தார். நான்காவதில் ஒரு கையில் வடை வந்துவிட்டது. காவல்காரர்கள் ரகசியம் பேசும்போது ஜன்னல் வழியே தன் ஆட்டோவை எட்டிப் பார்த்தார். ஆனால் ஏறுவதை மட்டும் அவர் விடவில்லை. யாரும் சொல்லாமலே களஞ்சியத்தின் மேல் ஏறினார், மதில் மேல் ஏறினார், ஏரிக்கரை பனைமரத்தில்கூட ஏறப் பார்த்தார். ஆகவே கை சலிக்கவில்லை. சலித்தது வேறு எதுவோ.

ஐந்தாவது கோட்டை வாசலில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யோவ் மணி, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கோட்டைங்களோட ராஜாகிட்ட குதிரை இருக்குது இல்ல?”

“இருக்கு.”

“ஆளு இருக்குது இல்ல? நாலு கோட்டைல நான் இம்மாம் வேலை பண்ணிட்டு வந்துருக்கேன். இங்க இருக்கறவனுங்க இன்னாமோ எங்கப்பன் வீட்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கறானுங்க. இவனுங்களுக்கு சேதியே போவாதா? ஸ்டாண்டுல நான் ஒரு சவாரிய முறை தப்பி ஏத்தினா, வண்டி பஸ் ஸ்டாண்டு போய் சேர்றதுக்குள்ள அங்க தெரிஞ்சிடுதுய்யா.”

நஸ்ரீன் அவளுடைய மூலையிலிருந்து எழுந்து வந்து நின்றாள். “இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள்.

“எதம்மா, கல்யாணமா?”

“இல்ல. சேதி.”

வெள்ளிக்கிழமை மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பாஸ்கர் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். நான் எழுந்து, எதையும் வெட்ட வேண்டாம், செய்ததையே செய்வது தப்பில்லை, செய்தது யார் கண்ணிலும் படாமல் போவதுதான் ஆளை உட்கார விடவில்லை என்றேன். பெங்களூர் சர்வருக்கும் மெஷின் ஒவ்வொரு நாளும் அவருடைய பாயிண்டைத் திரையில் காட்டும். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பாஸ்கருக்கு நம்பிக்கை வரவில்லை. வெட்ட வேண்டாம் என்று நான் சொன்னதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு. “நானும் யோசிச்சேன். நம்ம ஊர்ல பௌர்ணமிக்குப் பௌர்ணமி இத்தனை ஜனம் அதே மலையத்தான் சுத்துது. போரடிக்குதுன்னு எவனாவது சொல்றானா? இருக்கறத அப்படியே குடுத்துடலாமா?”

“அவங்க சாமிக்காக சுத்துறாங்க சார்” என்றாள் நஸ்ரீன். “நம்ம ஒற்றன் யாருக்காக சுத்துறான்?”

யாரோ சிரித்தார்கள். பாஸ்கர் சிரிக்கவில்லை. “அப்ப நீயே சொல்லு.”

அவள் சொன்னாள். ஒற்றன் செய்ததெல்லாம் அவனுக்கு முன்னாலேயே அடுத்த கோட்டைக்குச் சேதியாகப் போய்ச் சேர வேண்டும். முதல் இரண்டு கோட்டை இப்படியே இருக்கட்டும். மூன்றாவதில் கோபுரத்தடியில் காவல் கூடியிருக்கும். நான்காவதில் காவல் இருக்காது. ஏறலாம், ஒளியலாம், பேச்சும் கேட்கும். ஆனால் இவன் ஒட்டுக் கேட்பான் என்று தெரிந்தே பேசுவார்கள். நம்பி இறங்கினால் மாட்டுவான். ஆறாவதில் இவன் பேரைக் கேட்டே பாதிக் காவல் ஓடிப்போயிருக்கும்.

“அஞ்சாவதுல?” என்றார் பாஸ்கர்.

“கோபுர வாசல செங்கல் வெச்சி அடைச்சிருப்பாங்க.”

“உன் கோட்டைல அந்தக் கோபுரத்த விட்டா என்னம்மா இருக்கு?”

“அதனாலதான் சார். அடைச்சா அதத்தான் அடைப்பாங்க. வேற எங்கயாவது சுவரேறி வரட்டும். சுவர்தான் நெறைய இருக்குதே.”

 அந்தக் கோபுரத்துக்காக அவள் பட்ட பாடு அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏழாவது கோட்டையைச் செய்த இருவர், “எங்களோடதுல கோபுரம் தவிர இன்னும் பாதிதான் நிக்குது. அத விட்டுட்டு நாலாவதுக்கு வந்து அந்தப் பொய்ப் பேச்ச நாங்க செய்யறோம்” என்றார்கள். அப்படியாக ஏழு, ஆறு ஆயிற்று. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போவதும் போகாததும் இனி பெங்களூர்க்காரர் கையில்.

கேமின் பின்கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வெளியே வந்தது, ஓரளவு ஓடியது. ‘முதல் மூன்று கோட்டையில் ஒரே வேலையைச் செய்யச் சொல்கிறார்கள்’ என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது உண்மைதான். அந்த மூன்று இல்லாவிட்டால் நான்காவதில் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். பழக்கப்படுத்தினால்தான் பழக்கத்தில் மாட்ட வைக்க முடியும். ஆனால் மூன்றுக்குப் பதில் நான்கு என்று இருந்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அந்த எல்லை எங்கே என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆடுகிறவரின் கையில் வடை எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

பெங்களூர்க்காரர் வந்த நாள் பௌர்ணமியாக அமைந்துவிட்டது. தேதி குறிக்கும்போது யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. கிரிவலக் கூட்டம் என்று அவர் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜனத்தோடு ஜனமாக நடந்து, சட்டையெல்லாம் நனைந்து, எரிச்சலோடு மாடியேறி வந்தார். மோர் கொடுத்தோம். “பாத்துட்டு உடனே கிளம்பணும்” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் இரண்டு கோட்டையை அவசரமாகக் கடந்தார். அவருக்கு அவை ஏற்கெனவே பழக்கம். மூன்றாவதில் கோபுரத்தடியில் கூட்டமாகக் காவலைப் பார்த்து, “ஓ” என்றார். நான்காவதில் காவலே இல்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு ஏறினார். உச்சியில் ஒளிந்தார். கீழே இரண்டு பேர், இன்று பொழுது சாய்ந்ததும் தெற்கு வாசல் திறந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். இறங்கித் தெற்கு வாசலுக்கு ஓடினார். வாசல் திறந்துதான் இருந்தது. உள்ளே போனதும் பின்னால் மூடிக்கொண்டது. சுற்றிலும் ஈட்டிகள். திரை கறுத்தது.

அவர் ஜாய்ஸ்டிக்கை மேசையில் வைத்தார். கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கர், “சார், இது என்னன்னா” என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். முதலாளியின் கையைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். ஆடுகிறவர் சும்மா இருக்கும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சும்மாவில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நஸ்ரீன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசினவன் ஒருத்தன் மேல பாத்தானா?” என்றார் அவர்.

ஜாய்ஸ்டிக்கை மறுபடி எடுத்தார்.

“திரும்ப வைங்க.”

“தெற்கு வாசல்லேர்ந்தா சார்?”

“கோபுரத்துலேர்ந்து.”

திரும்பவும் ஏறினார். அதே படி, அதே இருவர், அதே பேச்சு. இந்தத் தடவை நாற்காலியின் நுனிக்கு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பேசுகிறவர்களில் ஒருவன் ஒரு கணம் தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்க்கிறான். “பாத்தான்” என்றார் தனக்குத்தானே. வடக்குப் பக்கமாகச் சுவரேறித் தப்பித்துக் குதிரையைப் பிடித்தார். உடனே கிளம்ப வேண்டும் என்றவருக்கு அது மறந்துபோயிருந்தது.

ஐந்தாவது கோட்டைக்குள் எப்படியோ நுழைந்து நேராகக் கோபுரத்துக்குப் போனார். வாசலில் புதுச் செங்கல். சுண்ணாம்புப் பூச்சு இன்னும் காயவில்லை. தட்டிப் பார்த்தார், சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தால் மேலே வரிசையாக ஜன்னல்கள்.

“இது யார் செஞ்சது?” என்று திரும்பிக் கேட்டார்.

“நான்தான் சார்” என்றாள் நஸ்ரீன்.

“உள்ள ஏதாவது இருக்கா, வெறும் சுவரா?”

“படி இருக்கு சார். மேல போற வரைக்கும் ஜன்னல் இருக்கு. எல்லா ஜன்னல்லயும் ஏரி தெரியும்.”

“அவ்ளோ செஞ்சிட்டு ஏன் அடைச்சீங்க?”

“நீங்க வர்றீங்கன்னு சேதி வந்துடுச்சு சார்.”

 அவர் திரையின் பக்கம் திரும்பி, ஏறுவதற்கு வேறு சுவர் தேட ஆரம்பித்தார்.